மழை நின்ன மறுநாள் லான்ல ரோலர் ஓட்டலாமுங்களா? (கொரியன் கிராஸ், கோவை)

சிறுவாணித்தண்ணி

வணக்கமுங்க. வடவள்ளி பக்கம் வீடு, முன்னாடி ஒரு 600 சதுரடிக்கு லான் போட்டிருக்கோம், கொரியன் கிராஸ். போட்டு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. புல்லு நல்ல பச்சையாத்தான் இருக்கு ஆனா ஒரே மேடும் பள்ளமுமா ஆயிருச்சுங்க, நடந்தா ஒரு இடத்துல கால் அமுங்குது இன்னொரு இடத்துல தட்டுது. அம்மாவுக்கு முட்டி வலி, சாயங்காலம் அங்கதான் நடப்பாங்க, தடுக்கி விழுந்துருவாங்களோன்னு பயமா இருக்கு.

தோட்ட வேலைக்கு வர்ற அண்ணன் என்ன சொல்றாருன்னா, மழை நின்ன மறுநாள் மண்ணு இளகி இருக்கும், அப்ப ஒரு இரும்பு ரோலர் வாடகைக்கு எடுத்து நாலு நடை உருட்டிவிட்டா மட்டமாயிரும்னு. யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்களும் வருசா வருசம் உருட்டறாங்க. ஆனா இன்னொரு வீடியோல உருட்டவே கூடாது, புல்லு செத்துரும்னு சொல்றாங்க. எதை நம்பறதுங்க? உருட்டலாம்னா எப்ப, எவ்வளவு எடையில?

பச்சைப்பாய்

ரோலருக்கு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துட்டு வாங்க. அந்த மேடு மண்ணுல இருக்கா, புல்லுல இருக்கா?

இத ஏன் கேக்கறேன்னா கொரியன் கிராஸோட குணமே அதுதான். மெதுவா வளரும், ஆனா ஓடுற தண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஏறி கட்டை கட்டையா எழும்பிக்கும். ஒழுங்கா வெட்டாம விட்டா ரெண்டு மூணு இஞ்ச் உயரத்துக்கு திட்டு திட்டா நிக்கும், பாக்கறவங்க மண்ணுதான் மேடாயிருச்சுன்னு நினைச்சுக்குவாங்க. இந்தத் தொழில்ல இருக்கறதால சொல்றேன், கொரியன் கிராஸ் மேடா இருக்குன்னு கூப்பிடுற வீட்டுல பாதிக்கு மேல மண்ணு மட்டமாத்தான் இருக்கும்.

ஒரு பழைய கத்தி எடுத்து ஒரு மேட்டுல உள்ளங்கை அளவுக்கு கேக் வெட்டற மாதிரி வெட்டி தூக்கிப் பாருங்க. பச்சைக்கு கீழ பழுப்பா நார் நாரா ஒரு படலம், அதுக்கு கீழ மண்ணு. மண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னு அளந்துக்கோங்க. பக்கத்து பள்ளத்துலயும் அதே மாதிரி. ரெண்டு பக்கம் முளைக்குச்சி அடிச்சு மேஸ்திரி நூல் இழுத்து ரசமட்டம் வச்சா சந்தேகமே இருக்காது. வெட்டின துண்டை அதே இடத்துல வச்சு மிதிச்சு தண்ணி ஊத்திருங்க, ஒட்டிக்கும்.

அது தெரியற வரைக்கும் தயவுசெஞ்சு மழை நின்ன மறுநாள் மட்டும் ரோலர் ஏத்தாதீங்க. இருக்கற நாள்லயே மோசமான நாள் அதுதான். நல்ல மண்ணுன்னா அதுல பாதிதான் மண்ணு, மீதி பாதி இண்டு இடுக்கு, அதுல கொஞ்சம் தண்ணி கொஞ்சம் காத்து. வேர் மூச்சு விடறது அந்த இடுக்குல. ஈரத்துல மண்ணுத்துகள் ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கி ஈஸியா நெருங்கிக்கும், அப்ப எடை ஏத்துனா பெரிய இடுக்கெல்லாம் மூடிக்கும், திரும்ப தானா திறக்காது. அப்புறம் ஊத்தற தண்ணி உள்ள போகாம வழிஞ்சு ஓடும், வேர் மேலாப்புலயே நின்னுடும், சித்திரை வெயில்ல முதல்ல கருகறது அந்த இடம்தான்.

தோட்டக்கலை_ஓய்வு

மேல சொன்னவர் கருத்துல பாதி ஒத்துக்கறேன், பாதி இல்ல. நான் தோட்டக்கலைத் துறையில இருந்து ரிட்டையர் ஆனவன். உருட்டறதே தப்புங்கற மாதிரி இப்ப ஒரு பேச்சு கிளம்பிடுச்சு, அது சரியில்ல.

நம்ம ஊர்ல லான் போடறது பெரும்பாலும் விதை விதைச்சு இல்ல. அருகம்புல்லோ பெர்முடாவோ வேர் விட்ட துண்டுகளை ஒரு சாண் கூட இல்லாத இடைவெளியில ஊன்றுவோம், இல்லன்னா புல்லை நறுக்கி சாணம் மண்ணோட குழைச்சு பரப்புவோம். இந்த புல்லெல்லாம் கணுவுக்கு கணு வேர் விடற ஜாதி. கணு மண்ணைத் தொட்டாத்தான் வேர் விடும், அந்தரத்துல நின்னா விடாது. அதனால ஊன்றி பச்சை பிடிச்சதும், முதல் வெட்டு வெட்டினதும், லேசான உருளைய ஓட்டறது பழைய பழக்கம். தண்டு படியும், கணு மண்ணோட சேரும், இடைவெளி சீக்கிரம் மூடும். இதைத்தான் நாங்க படிச்சோம், பூங்காக்கள்ல செஞ்சும் பாத்தோம். உருளைய தூக்கி எறிஞ்சிடாதீங்க.

பச்சைப்பாய்

ஐயா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. புதுசா ஊன்றின புல்லுக்கு லேசான உருளை ஓட்டாம நாங்களும் சைட்டை ஒப்படைக்கறதில்ல. கார்ப்பெட் புல்லு விரிச்சாலும் அப்படித்தான், விரிச்ச அன்னிக்கே ஒரு தடவை நீளவாக்குல ஒரு தடவை குறுக்குவாக்குல. தட்டுக்கு அடியில காத்து நின்னா அந்த இடம் மட்டும் வட்டமா காஞ்சு போகும், கஸ்டமர் தண்ணி பத்தலன்னு நினைச்சு இன்னும் ஊத்துவாங்க.

நான் சொல்றது இதுதான். உருளைங்கறது சேத்து வைக்கற சாமான். வேரை மண்ணோட சேக்கும், விதையை மண்ணோட சேக்கும். மட்டம் பண்ற சாமான் அது இல்ல. மண்ணு மேடா இருந்தா அதை அமுக்கி கீழ தள்ளணும்னா எவ்வளவு எடை வேணும்னு யோசிச்சுப் பாருங்க, அவ்வளவு எடைய ஏத்துனா மேடு மட்டும் அமுங்காது பள்ளமும் சேர்ந்து அமுங்கும். வித்தியாசம் அப்படியே இருக்கும், ரெண்டும் கெட்டியாயிரும். வளர்ந்து பிடிச்ச லான்ல மேடு பள்ளத்துக்காக உருட்டறது வேண்டாம்ங்கறேன், அவ்வளவுதான்.

மண்ணடி_கிரிக்கெட்

நான் சென்னைல ஒரு கிளப் கிரவுண்டுல பிட்ச் வேலை பாக்கறேன், ரோலர்னதும் உள்ள வந்துட்டேன். எங்க வேலைல ரோலர் இல்லாம ஒண்ணும் நடக்காது, ஆனா எதுக்கு உருட்டறோம்னு தெரிஞ்சா வீட்டுல ஏன் கூடாதுன்னு உங்களுக்கே புரியும். பிட்சுக்கு களிமண்ணு போட்டு, தண்ணி விட்டு, பதம் பாத்து, டன் கணக்குல எடை உள்ள ரோலர வச்சு நாள் கணக்கா உருட்டறோம். மண்ணுக்குள்ள காத்து இருக்கக் கூடாது, அப்பத்தான் பந்து எழும்பும். கிரிக்கெட் விதி 9லயே இருக்கு, முதல் இன்னிங்ஸ் தவிர மத்த இன்னிங்ஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அப்புறம் ஒவ்வொரு நாள் காலைலயும், பேட்டிங் டீம் கேப்டன் கேட்டா பிட்சை உருட்டலாம், 7 நிமிஷத்துக்கு மேல கூடாதுன்னு. 7 நிமிஷத்துல கூட ஆட்டத்தை மாத்திடும்னுதான் அந்த கணக்கு.

அதே கிரவுண்டுல அவுட்ஃபீல்டுக்கு அந்த ஹெவி ரோலர கொண்டுபோனா எங்க சூப்பர்வைசர் விடமாட்டாரு. பிட்ச்ல புல்லு உயிரோட இருக்கறது மண்ணைப் பிடிச்சு நிக்க, அதோட வேலை முடிஞ்சதும் தோண்டி மறுபடி போடுவோம். வீட்டு லான் வருசக்கணக்கா இருக்கணும்ல.

நெல்லுக்களம்

அண்ணா சொன்னதுதான். எங்க தஞ்சாவூர் பக்கம் களத்துமேட்டை தண்ணி தெளிச்சு உருளை போட்டு இறுக்கி சாணி மெழுகி வைப்பாங்க, எதுக்குன்னா அங்க ஒரு புல்லு முளைக்கக் கூடாது. ஈர மண்ணுல உருட்டினா வீட்டு முன்னாடியும் அந்தக் களம்தான் கிடைக்கும்.

பனிக்காலம்

இழைய இண்டைக்குத்தான் பாத்தன். நான் ஒன்ராறியோவில, மார்க்கம் பக்கம் இருக்கிறன். யூடியூப்பில நீங்கள் பாக்கிற ஆக்கள் வருசா வருசம் உருட்டுறதுக்கு இஞ்ச வேற ஒரு காரணம் இருக்கு, அது கோயம்புத்தூருக்குப் பொருந்தாது.

இஞ்ச விண்டரில மண்ணுக்குள்ள கிடக்கிற தண்ணி உறையுது. தண்ணி ஐஸ் ஆகேக்க 9 சதவீதம் மட்டில பெருக்கும், அதோட நிக்காமல் கீழ இருக்கிற ஈரத்தையும் மேல இழுத்து ஐஸ் தட்டுத் தட்டாத் தடிக்கும், அது மண்ணையே தூக்கும். பகல்ல உருகி இரவில திருப்பி உறைஞ்சு இப்பிடியே மார்ச் ஏப்ரல் முழுக்க நடக்கேக்க புல்லு வேரோட கிளம்பிப்போடும், வேருக்கும் மண்ணுக்கும் நடுவில வெறும் காத்துத்தான். அப்பிடியே விட்டால் மே மாச வெயிலுக்கு அந்த வேர் காஞ்சுபோம். அதைத் திருப்பி மண்ணோட சேர்க்கத்தான் வசந்த காலத்தில ரோலர். பச்சைப்பாய் சொன்ன அதே கதைதான், சேர்க்கிறதுக்கு, மட்டம் பண்ண இல்லை.

ஆனா அதையும் எல்லா வீட்டிலயும் செய்யத் தேவையில்லை. புல்லை மெதுவா இழுத்துப் பாருங்கோ, மண்ணுக்கு மேல கிளம்பி ஆடினால் மட்டும் உருட்டுங்கோ, இறுக்கமா நிண்டால் விடுங்கோ. இஞ்ச புது சப்டிவிஷன் வீடுகளில மேல்மண்ண எடுத்துப்போட்டு களிமண்ணுக்கு மேல மெல்லிசா மண்ணைப் பரவி அதுக்கு மேல சொட் (கார்ப்பெட் புல்லு) விரிச்சிருப்பினம், மெஷின் ஓடி ஓடி அந்தக் களி ஏற்கனவே இறுகித்தான் கிடக்கும். அதுக்கு மேல பாரமான ரோலர் விட்டால் கோடையில என்ன தண்ணி விட்டும் பிரயோசனமில்லை. அப்பிடியான இடத்துக்கு வேணுமெண்டால் மண்ணில இருந்து சின்னச் சின்ன குழல் குழலா எடுத்து வெளிய போடுற ஏரேட்டர் வாடகைக்கு எடுங்கோ, ரோலர் வேண்டாம்.

மண்புழு வெளிய தள்ளுற மண்ணுருண்டைக்காகவும் சிலர் உருட்டுவினம். நசிச்சால் சேறாப் பரவி புல்லை மூடும். காய விட்டு ரேக்கால தட்டிவிட்டால் அதே மண் நல்ல உரம்.

நான் ரோலர் பாவிக்கிறது ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் நடுப்பகுதிக்குள்ள, புல்லில்லாத வெறும் இடத்துக்கு விதை போடேக்க. ரை கிராஸ் ஒரு கிழமையில முளைச்சிடும், கென்டக்கி புளூகிராஸ் ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும், சிலவேளை நாலும் ஆகும். அவ்வளவு நாளும் விதை மண்ணோட ஒட்டி ஈரமா இருக்கோணும். அதுக்கு ரோலர் டிரம்மில தண்ணி நிரப்பாமல் வெறும் டிரம்மே போதும்.

குன்னூர்க்குளிர்

அப்ப எங்க நீலகிரிக்கு? டிசம்பர் ஜனவரில காலைல புல்லு மேல வெள்ளையா உறைபனி படியுது. நாங்க உருட்டணுமா?

பனிக்காலம்

உங்கட பனி புல்லின்ர மேல படியுறது, வெயில் வந்தால் போயிடும். நிலமே உறைஞ்சு உறைஞ்சு உருகினால்தான் வேர் கிளம்புற பிரச்சினை. உருட்டத் தேவையில்லை. ஆனா பனி படிஞ்சிருக்கேக்க புல்லில நடக்காதேங்கோ, உறைஞ்ச இலை உடைஞ்சு பிறகு காலடி அச்சு அப்பிடியே பழுப்பாத் தெரியும். பனி கரையுமட்டும் பொறுங்கோ.

சிறுவாணித்தண்ணி

எல்லாருக்கும் நன்றிங்க. பச்சைப்பாய் சொன்ன மாதிரி வெட்டிப் பாத்தேன், நூலும் இழுத்தோம். வாசல் பக்கம் இருக்கற மேடெல்லாம் புல்லுதானுங்க, மண்ணு நல்லா மட்டமா இருக்கு, மேல ரெண்டு இஞ்ச்சுக்கு நாரும் தண்டுமா கிடக்கு. ஆனா சைடுல காம்பவுண்டு ஓரமா நீளமா ஒரு பள்ளம், அங்க மண்ணே இறங்கியிருக்கு, யோசிச்சா அது செப்டிக் டேங்க்குக்கு பைப் போட்ட லைன். அப்புறம் பின்னாடி மூலையில மண்ணு கருப்பா களியா இருக்கு, வெயில் காலத்துல வெடிப்பு விடும், அங்க வருசா வருசம் வேற வேற இடத்துல மேடாகுது.

இந்த மூணுக்கும் என்ன பண்றதுங்க? காலியா கிடக்கற 200 லிட்டர் டிரம் ஒண்ணு இருக்கு, அதுல கான்கிரீட் போட்டு ரோலர் பண்ணிக்கலாமான்னு தம்பி கேக்கறான்.

மண்ணடி_கிரிக்கெட்

டிரம் கான்கிரீட் வேண்டாம் ப்ரோ. 200 லிட்டர் கான்கிரீட் அரை டன்னுக்கு கிட்ட வரும், அதை எங்க கிரவுண்டுக்கு குடுத்துடுங்க, வீட்டுல வேண்டாம்.

பச்சைப்பாய்

மூணும் மூணு வியாதி, மருந்தும் வேற வேற.

வாசல் பக்க மேட்டுக்கு ரோலரே வேண்டாம். வெட்டணும். ஆனா ஒரே தடவைல மொட்டையடிச்சா பழுப்பா ஆகி மாசக்கணக்கா திரும்பாது, கொரியன் கிராஸ் அவ்வளவு மெதுவா வளரும். ஒரு தடவைக்கு இருக்கற உயரத்துல மூணுல ஒரு பங்கு, விட்டு விட்டு இறக்குங்க. பிளேடு கூரா இருக்கணும், மழுங்கின பிளேடு பிச்சு எடுத்துரும். நடுவுல கார்டன் ஃபோர்க்கை குத்தி குத்தி எடுங்க, நார்ப்படலத்துல காத்தும் தண்ணியும் இறங்கும். குத்திட்டு ஃபோர்க்கை ஆட்டி நிமித்தாதீங்க. இதெல்லாம் மார்கழி குளிர்ல ஆரம்பிக்காதீங்க, புல்லு வளர்ற சூட்டுல பண்ணுங்க. கோவைக்கு ஆனி ஆடி நல்ல நேரம், காத்தும் சாரலும் இருக்கும், வெட்டுன புல்லு தேறிக்கும்.

பைப் லைன் பள்ளம் மண்ணு தானா இறங்குனது. அதை உருட்டுனா இன்னும்தான் இறங்கும். பள்ளம் ஒரு இஞ்ச்சுக்குள்ள இருந்தா சலிச்ச மண்ணும் மக்குன எருவும் கலந்து அரை இஞ்ச்சுக்கும் குறைவா தூவி, ரேக்கோட முதுகால தேய்ச்சு விடுங்க, புல்லு நுனி வெளிய தெரியணும். அது மேல ஏறி வந்ததும் அடுத்த தடவை. அதுக்கு மேல ஆழம்னா புல்லை பட்டை பட்டையா அறுத்து ஓரமா சுருட்டி வச்சுட்டு, அடில மண்ணு போட்டு, தண்ணி விட்டு நல்லா செட்டில் ஆக விட்டு, மட்டப்பலகை இழுத்து, திரும்ப விரிக்கணும். இங்கதான் உங்களுக்கு ரோலர் வேலை. விரிச்ச பட்டை மேல லேசா ஒரு தடவை.

மண்ணு வாங்கறப்ப ஒண்ணு. லோடு செம்மண்ணுன்னு கொண்டுவந்து கொட்டுவாங்க, அதுல கோரைக்கிழங்கு இருந்தா உங்க லான் முடிஞ்சது. சலிச்சு, கொஞ்சம் நனைச்சு ஓரமா போட்டு முளைக்குதான்னு பாத்துட்டு போடுங்க. வெறும் எம்-சாண்டை தூவாதீங்க, களிக்கு மேல மணல் தனியா ஒரு படலமா நின்னுக்கும், தண்ணி ஒழுங்கா இறங்காது.

கருப்பு மூலை கரிசல். அது தண்ணி குடிச்சா உப்பும் காஞ்சா சுருங்கும், எத்தனை டன் போட்டு உருட்டினாலும் அடுத்த மழைக்கு அது இஷ்டத்துக்கு எழும்பும். அதுகிட்ட சண்டை போடாதீங்க. ஒரே சீரா ஈரம் வச்சிருந்தா ஆட்டம் குறையும். எரு சேக்கச் சேக்க கொஞ்சம் தளரும். முடிஞ்சா அந்த மூலைய செடிப்பாத்தி ஆக்கிருங்க, அம்மா நடக்கற வழிய செம்மண் பக்கமா திருப்பிடலாம்.

காலைஓட்டம்

ஒரு சந்தேகம். கோல்ஃப் கோர்ஸ்ல கிரீனை (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை) வாரத்துல பல தடவை உருட்டறாங்களே, அங்க மட்டும் எப்படி புல்லு நல்லா இருக்கு?

தோட்டக்கலை_ஓய்வு

நல்ல கேள்வி. அங்க அடியில இருக்கறது நம்ம மண்ணு இல்ல, மணல். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960ல வெளியிட்ட முறைப்படி கட்டற கிரீன்ல சுமார் ஒரு அடிக்கு மணல் கலவை, அதுக்கு கீழ ஜல்லி, அதுக்கும் கீழ வடிகால் பைப். மணல் துகள் பெருசு, அமுக்கினாலும் இடுக்கு மூடாது. உருளையும் அந்த வேலைக்குன்னே எடை குறைச்சு செஞ்சது. மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில தாமஸ் நிகோலாய் இதைப் பத்தி பல வருஷம் ஆராய்ச்சி பண்ணினாரு, அடிக்கடி உருட்டின கிரீன்ல டாலர் ஸ்பாட்ங்கற பூஞ்சை நோய் குறைஞ்சதையும் பாத்தாங்க. அதை வச்சு வீட்டுக் களிமண்ணுல பண்ணக்கூடாது.

காலைஓட்டம்

சரிங்க ஐயா. அந்த கோடு கோடா வெளிர் பச்சை அடர் பச்சை வர்றது?

தோட்டக்கலை_ஓய்வு

அது புல்லு சாயற திசை. 1830ல இங்கிலாந்துல எட்வின் பட்டிங் கண்டுபிடிச்ச வெட்டும் மெஷின்லயே பின்னாடி ஒரு உருளை இருந்துச்சு, வெட்டிக்கிட்டே சாய்ச்சுக்கிட்டு போகும். இன்னிக்கும் அந்த மாதிரி மெஷின் கிடைக்குது. அதுக்குன்னு தனியா எடை ஏத்தி உருட்ட வேண்டியதில்ல. குளிர்ப் பிரதேச புல்லுல நல்லா தெரியும், கொரியன் கிராஸ்ல எதிர்பாக்காதீங்க.

சிறுவாணித்தண்ணி

கடைசியா ஒண்ணுங்க. பைப் லைன்ல புல்லை எடுத்துட்டு திரும்ப விரிக்கத்தான் போறோம், ஆழம் மூணு இஞ்ச் இருக்கு. ரோலர் வாடகைக்கு எடுத்தா எவ்வளவு தண்ணி நிரப்பணும், மண்ணு பதம் எப்படி பாக்கறது?

பச்சைப்பாய்

வாடகைக்கு வர்றது பெரும்பாலும் 24 இஞ்ச் நீளம் 18 இஞ்ச் விட்டம் உள்ள டிரம். முழுசா நிரப்புனா 100 லிட்டர், அதாவது 100 கிலோ தண்ணி, டிரம்மோட எடை தனி. உங்களுக்கு கால் டிரம் போதும். ஒரு ஆள் மூச்சு வாங்காம தள்ளணும், அதுதான் அளவு.

பதத்துக்கு, ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கி உருண்டை பிடிங்க. கட்டைவிரலால தட்டுனா உதிரணும். உதிராம பிசுபிசுன்னு நசுங்குனா இன்னும் ரெண்டு நாள் காய விடுங்க. உருண்டையே பிடிபடலன்னா முந்தின நாள் சாயங்காலம் லேசா தண்ணி தெளிங்க.

விரிச்ச பட்டையோட இணைப்புக்கு குறுக்குவாக்குல தள்ளுங்க, இணைப்பு வழியா நீளமா தள்ளுனா பட்டை நகந்துக்கும். டிரம்மை திருப்பறப்ப புல்லு மேலயே வச்சு முறுக்காதீங்க, வெளிய தரைக்கு கொண்டுபோய் திருப்புங்க. முடிச்ச உடனே அடி மண்ணு நனையற வரைக்கும் தண்ணி. அப்புறம் ரெண்டு வாரம் அம்மா அந்தப் பக்கம் நடக்க வேண்டாம், ஓரத்தை லேசா தூக்கிப் பாருங்க, வேர் பிடிச்சு தூக்க விடலன்னா தாராளமா நடக்கலாம்.

சிறுவாணித்தண்ணி

சரிங்க. ஐப்பசி மழை முடியட்டும்னு இருந்தேன், நீங்க சொல்றத பாத்தா வெட்டறது, விரிக்கறது ரெண்டையும் ஆனிக்கே வச்சுக்கறேன். மண்ணை மட்டும் இப்பவே வாங்கி கோரை முளைக்குதான்னு பாத்துக்கறேன்.

பச்சைப்பாய்

அப்படியே பண்ணுங்க. கோரை முளைச்சா அந்த லோடை அப்படியே திருப்பி அனுப்பிருங்க, பொறுக்கி எடுத்துக்கலாம்னு நினைக்காதீங்க, கிழங்கு அடியிலயே கிடக்கும்.